வரவு

நான் பொருளாளர்.
எனக்குத் தந்தது மூன்று நிமிடம்,
அதில் ஒன்றை மைக் தின்றுவிட்டது.
கச்சான் காற்று பந்தல் சீலையைப் பிடித்து
அலசிய துணியை உதறுவதுபோல்
உதறிக்கொண்டே நின்றது.

கதிரை நூற்றிருபது, மீனவர் சங்கம், வாடகை இல்லை.
ஒலிபெருக்கி, இறக்கக்கண்டி நியாஸ், டீசல் காசு மட்டும்.
மைதானத்துப் பற்றை வெட்டியது தகப்பன்மார்,
மூன்று சனிக்கிழமை, தேத்தண்ணிச் செலவு
இரண்டாயிரத்து நூறு.
கேடயம் பதினாறு, திருமலை டவுனில்.
பேரம் பேசி ஐந்நூறு குறைத்தது நான்தான்;
அதைக் கொப்பியில் எழுதவில்லை.
ஆர் கேட்டது?
முன்வரிசை அழைப்பிதழால் விசிறியது.
சல்லியில் கணக்குக் கேட்டுக்
கைதட்டினவர்கள் இல்லை.

பிறகு பெயர்கள் வந்தன.
சனம் நிமிர்ந்து இருந்தது.

யதுர்சினி. ஆயிரத்து ஐந்நூறு மீற்றர்,
மாகாணத்தில் இரண்டாமிடம்.
கட்டாரிலிருந்து கயூரன் அனுப்பிய சப்பாத்து
ஒரு சைஸ் பெரிசு;
நுனியில் பஞ்சு அடைத்து ஓடினவள்
மேடைக்கு வெறுங்காலோடு ஏறினாள்.
சும்மா நடந்து தேய்க்கக் கூடாதாம்.

புலமைப்பரிசில் மூன்று பேர்.
நாலாவது பிள்ளை ஒரு புள்ளியால் தவறியது.
அதன் தாய்தான் மூவருக்கும்
உள்ளங்கை சிவக்கத் தட்டினாள்.

ஆறாம் ஆண்டுக்கு வந்தபோது
எழுத்துக்கூட்டத் தெரியாத மிதுசன்
வரவேற்புரை வாசித்திருந்தான் காலையில்.
‘மகிழ்ச்சி’யில் தடக்கி நின்றான்.
பந்தலே வாயை அசைத்தது.
அவன் எவரையும் பார்க்காமல்
தானாகத்தான் அதைத் தாண்டினான்.

முழு வரவுக்கான பரிசு:
தவராசா ஜெனோசன், பதினோராம் ஆண்டு.
போன வருசம் ஒரு நாளும் தவறவில்லை,
இந்த வருசமும் நேற்றுவரைக்கும்.
இரண்டாம் முறையும் கூப்பிட்டார்கள்.
“சேர், அவன் வரேல்ல!”
பின்னாலிருந்து ஒரு குரல்.
பந்தல் முழுக்கச் சிரிப்பு,
பணிப்பாளருக்கும் பல் தெரிந்தது.

தேத்தண்ணி அடுப்படியில் அவன் தாய்
சிரிக்கவில்லை.
தவராசாவின் கையில் திருக்கை முள் ஏறி எட்டு நாள்.
கரைவலைக் கயிற்றில் ஓர் ஆள் குறைந்தால்
வீட்டுப் பங்கும் குறையும்.

அதிபர் அடுத்த பெயருக்குப் போனார்,
அந்தக் கேடயத்தை மட்டும்
மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு.

நன்றியுரை முடியவில்லை,
பிள்ளைகள் ஓடத் தொடங்கிவிட்டார்கள்.
கடற்கரை என்ன, மதிலைத் தாண்டினால் மணல்.
மடி இன்னும் கரை தொடவில்லை.
கயிற்றில் யதுர்சினி, மிதுசன், நியாஸ்,
வெள்ளைக் காற்சட்டையை
முழங்காலுக்கு மடித்துவிட்ட பணிப்பாளர்.
அவருடைய ஃபைலும் சப்பாத்தும் என் கையில்.

அலைச்சத்தத்துக்கு மேலே கத்தி
அதிபர் சான்றிதழை வாசித்தார்.
ஜெனோசன் கயிற்றை விடவில்லை.
“கை ஈரம் சேர், அம்மாட்டக் குடுங்கோ.”
அவள் அதைத் தேயிலைப் பையில் சுற்றிக்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
மகனுக்குப் பின்னால்
தானும் கயிற்றைப் பிடித்தாள்.

வகுப்பு ரீச்சர் இடாப்போடு வந்திருந்தார்.
இன்றைக்கு அவனுக்கு என்ன போடுவது என்று
பேனை மூடியைக் கடித்தபடி நின்றார்.
பள்ளிக்கூடம் முழுக்க இஞ்ச நிக்குது,
இதில வராதவன் ஆர் ரீச்சர் என்றேன்.
என்ன போட்டார் என்று நான் பார்க்கவில்லை.

இரவு கணக்கை முடித்தேன்.
சம்மாட்டி பள்ளிக்கூடத்துக்கென்று தந்ததை
வரவுப் பக்கத்தில் எழுதினேன்:
சூடை மீன், ஒரு கூடை. விலை போடவில்லை.
அதில் ஒரு கை மீன்
என் சட்டியில் பொரிகிறது.
அதைக் கொப்பியில் எழுதவில்லை.